நிற்காமலே ஜெயித்தவன்

எம்மெட் மல்டூன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஆனாலும் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் முழுக்க, வீட்டு வாசல் புல்லில், அவன் பேரைப் பச்சை எழுத்தில் எழுதிப் பலகை நட்டுவிடுவார்கள். ‘நீதிபதி பதவிக்கு மல்டூன்.’ அந்தப் பேர் மூன்று தடவை ஜெயித்தும் ஆயிற்று. அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஜெயித்தது அவனை விட்டுப் பிரிந்துபோன பெண்டாட்டி பெர்னடீன்.

கல்யாணம் பதினோரு வருஷம் நிலைத்தது. அடிதடி, ஏச்சுப் பேச்சு ஒன்றும் கிடையாது. அவள் பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தாள். இவன் டிட்ராய்ட் வரைக்கும் போய் அடுக்குமாடிகளில் லிஃப்ட் மாட்டினான். ஐஸ்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டித்தான் இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆனபோது பிரிந்தார்கள். வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். பேரை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை.

தராததற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்த பேர் பிரிஸ்பில்ஸ்கி. போலந்துப் பேர். ஆங்கிலத்தில் எழுதினால் முதல் மூன்றும் மெய்யெழுத்து. நாலாவதில்தான் கொஞ்சம் உயிர் வரும். அவள் முதல் தடவை நீதிபதி பதவிக்கு நிற்கப் போனபோது, அந்த வார்டைப் பார்த்துக்கொண்டிருந்த கட்சிக்காரர் அதை ஒரு சீட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, “இந்தப் பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஓட்டுச்சாவடியைப் பூட்டிருவாங்கம்மா. புருஷன் பேரு என்ன சொன்னே?” என்று கேட்டார்.

புருஷன் பேர் ஐரிஷ் பேர். அதற்கு ஊரில் ஏக மரியாதை. மல்டூன் பூங்கா இருந்தது, மல்டூன் சவ அடக்க நிலையம் இருந்தது, எப்போதோ செத்துப்போன ஒரு தீயணைப்புத் தலைவர் மல்டூனும் இருந்தார். எம்மெட்டுக்கும் இவர்களுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஓட்டுச்சீட்டில் நீதிபதிகள் பேருக்குப் பக்கத்தில் கட்சி போடுவதில்லை. மேயரில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வருகிற ஜனங்களுக்கு, சீட்டின் பின்பக்கம் வருவதற்குள் அலுத்துவிடும். எந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறார்களோ அதன் பக்கத்து வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவனை உள்ளே தள்ளுவதா வெளியே விடுவதா என்று முடிவு செய்கிற ஆளை நம் ஜனங்கள் இவ்வளவு யோசித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எம்மெட்டுக்கு இதனால் கிடைத்தது ஏச்சுதான். தொழிற்சங்கக் கூடத்தில் அவனோடு இருபத்தைந்து வருஷமாகச் சீட்டாடுகிற வெண்டெல், “உன் வீட்டம்மா என் வண்டி லைசென்ஸை ஆறு மாசத்துக்குப் புடுங்கிட்டாங்கடா. நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று வாரா வாரம் கேட்பான். பிரிந்து இருபது வருஷம் ஆனபிறகும் வீட்டம்மாதான். எம்மெட்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். தன் பேரைத் தன்னைக் கேட்காமல் வாடகைக்கு விட்டதுபோல அவனுக்கு இருந்தது. மூன்று தேர்தலிலும் நீதிபதி வட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் சாவடியை விட்டு வந்தான்.

ஆனால் பெர்னடீனைப் பற்றி ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். நீதிமன்றத்து லிஃப்ட் கிழடு; மாதம் ஒருமுறை படுத்துவிடும். சரிசெய்தபின் மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவிப்பெட்டியோடு மூலையில் நிற்கிறவனை யாரும் ஆளாக மதிப்பதில்லை, அவன் காதுபட எல்லாவற்றையும் பேசுவார்கள். இரண்டாம் மாடி நீதிபதியிடமிருந்து வருகிறவர்கள் அவர் தாயாரைத் திட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூன்றாம் மாடியிலிருந்து வருகிறவர்கள் தாங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை லிஃப்ட்டில் வந்துதான் சொல்வார்கள், அங்கே சொல்ல விட்டிருக்கமாட்டார்கள். நாலாம் மாடி பெர்னடீனுடையது. ஒருநாள், குடியிருந்த வாடகை வீட்டை இழந்த ஒருத்தி கையில் காலிசெய்யும் உத்தரவோடு இறங்கினாள். கூட வந்த தங்கை அழுதாள். இவள் அழவில்லை. “நான் சொன்னது முழுக்கக் கேட்டாங்கடி. கேட்டுட்டுத்தான் முடியாதுன்னாங்க” என்றாள். இந்த மாதிரிப் பேச்சு எம்மெட் காதில் ஒன்றல்ல, நூறு விழுந்திருக்கிறது. இதை அவன் பெர்னடீனிடம் சொன்னதில்லை.

நாலாவது தேர்தல் வந்த வருஷம், ஜூன் மாதம், அவள் லிஃப்ட் இயந்திர அறைக்கே படியேறி வந்தாள். கறுப்பு அங்கியைக் கழற்றிக் கையில் போட்டிருந்தாள்.

“உன் பேரைத் திருப்பித் தரேன், எம்மெட். இந்தத் தடவை அப்பா பேர்ல நிக்கறேன்.”

அவள் அப்பாவுக்குத் தொண்ணூற்றொன்று. போன தேர்தலில் மகளுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, ‘மறுபடியும் அந்த ஐரிஷ்காரனுக்கே குத்திட்டு வந்தேன்’ என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். அது ஆறு வருஷமாக அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

எம்மெட் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். இருபது வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஆனால் வாயில் வந்தது வேறு.

“வேணாம், பெர்னி. தோத்துருவ.”

“பதினெட்டு வருஷம் வேலை பாத்திருக்கேன். ஊருக்கு என்னைத் தெரியும்.”

“ஊருக்குப் பேரைத்தான் தெரியும். பேரு எனக்கு ஒண்ணும் பாரமா இல்ல. வச்சுக்க.”

அப்போதுதான் லிஃப்ட்டில் கேட்டதையெல்லாம் சொன்னான். தங்கையோடு வந்தவளைப் பற்றியும் சொன்னான். பெர்னடீன் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கண் கலங்கிவிட்டது. ஆனால் அதுவே வினையாயிற்று. அவ்வளவு பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றால் பயப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பேரை மாற்றி மனுப் போட்டாள்.

மனுப் போடக் கடைசி நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, டிட்ராய்ட் சாலைப் பக்கம் புதிதாகக் குடிவந்த ஒரு வக்கீலும் மனுப் போட்டான். உயில் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். நீதிமன்றத்துக்குள் வந்து வழக்காடி யாரும் பார்த்ததில்லை. பேர் கிரெய்க் மல்டூன். பலகையில் பச்சை எழுத்து, மூலையில் ஐரிஷ்காரர்களின் மூவிலைச் சின்னம். மழைக்கு முளைத்தது மாதிரி ஒரே வாரத்தில் ஊரெங்கும் வந்துவிட்டது.

எம்மெட்டுக்கு அன்றைக்கு வந்த கோபம் வாழ்நாளில் வந்ததில்லை. சனிக்கிழமைகளில் வேலைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பெர்னடீனின் துண்டுச்சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான். கதவு திறந்ததும் முறைப்படி, “நான் எம்மெட் மல்டூன். நீதிபதி தேர்தல் விஷயமா வந்திருக்கேன்” என்பான். அவ்வளவு போதும். மேலே பேச யாரும் விடவில்லை. “உங்களுக்குத்தாங்க, எப்பவும் உங்களுக்குத்தான்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஏழெட்டுத் தெரு முடிந்தபிறகுதான் உறைத்தது, எதிரிக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று. தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த வாரத்திலிருந்து தன் பேரைச் சொல்வதை விட்டான். பிரிஸ்பில்ஸ்கி என்று மட்டும் சொன்னான். எழுத்துக்கூட்டிச் சொல்லக் கற்றுக்கொண்டான்; கல்யாணமாகி வாழ்ந்த காலத்தில் அவன் அதைச் செய்ததே இல்லை. தாமஸ் தெருவில் ஒரு கிழவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இந்தம்மா நல்லவங்கதான் போல. ஆனா நமக்கு ஏற்கனவே மல்டூனம்மா இருக்காங்களே, அவங்களை ஏன் மாத்தணும்?” என்று கேட்டாள். இரண்டும் ஒரே அம்மாதான் என்று விளங்கவைக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஊரில் எத்தனை கிழவிகள், எத்தனை அரைமணி.

நவம்பரில் முதல்முறையாக நீதிபதி வட்டத்தைக் கறுப்பாக்கினான். பேனா காகிதத்தைத் தாண்டும் அளவுக்கு அழுத்தினான்.

பெர்னடீன் நூற்றெண்பத்தாறு ஓட்டில் தோற்றாள்.

மறுநாள் சங்கக் கூடத்தில் அவன் உட்கார்ந்ததும் உட்காராததுமாக வெண்டெல் ஒரு பீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“ஜெயிச்சாச்சு பாத்தியா? நாலாவது தடவை.”

“அது வேற மல்டூன்டா. உங்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்?”

வெண்டெல் முகம் சின்னதாகிவிட்டது. “சொன்னே. சீட்டுல ரெண்டு பேர் இருந்துச்சு. ஒண்ணு வாயில நுழையல, இன்னொண்ணு உன் பேரு. உன்னை விட்டுட்டு நான் வேற யாருக்குடா போடுவேன்?” என்றான். பிறகு கொஞ்சம் தன்மானத்தோடு, “முன்ன மூணு தடவையும் உனக்காகத்தான் போட்டோம், இங்க இருக்கற அத்தனை பேரும். என் லைசென்ஸைப் புடுங்கினவளுக்கு நான் எதுக்குப் போடணும்?” என்றான்.

எம்மெட்டால் அவனைத் திட்ட முடியவில்லை. அன்பாகச் செய்த காரியத்துக்கு எப்படித் திட்டுவது? கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். ஒவ்வொரு மேஜையிலும் சிநேகிதன். பீரைத் தொடாமல் எழுந்து வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்து பெர்னடீனுக்குப் போன் போட்டான்.

அவள் நீதிமன்றத்து அறையில் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்றாள். தபாலில் வந்த ஓட்டுச்சீட்டில் அவர் தன் பேரைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தாராம். இன்னொரு புத்தகம் பெட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டது.

“ஜனங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சா, எம்மெட்?”

“பிடிக்காமல்லாம் இல்ல. பிரிஸ்பில்ஸ்கின்னா நீதான்னு பாதிப் பேருக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

“அப்ப முன்னாடி மூணு தடவை? அது எனக்குத்தானே போட்டாங்க?”

எம்மெட் கண்ணாடி வழியாகக் கூடத்தின் கதவைப் பார்த்தான். வெண்டெல் வெளியே வந்து, வண்டிகளுக்கு நடுவில் இவனைத் தேடிக்கொண்டிருந்தான்.

“உனக்குத்தான், பெர்னி. வேற யாருக்கு?”

பதினெட்டு வருஷம் தினமும் காலை ஒன்பது மணியிலிருந்து பொய்களைக் கேட்டுப் பழகினவள் அவள். குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. “சரி” என்று மட்டும் சொன்னாள்.