கன்னியம்மாவின் குறி

கன்னியம்மாவை இனிமையானவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஆரணி நெசவாளர் சங்கம் ஒன்றில் பழைய பழக்கமொன்றை மாற்றியவள் அவள்தான்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டுத் திரித்து இணைப்பது அவள் வேலை. அதில் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோயிற்று. சென்ற ஆண்டு சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தறி கொடுத்தது. அடுத்தவர் தறிகளிலேயே காலம் கழித்தவளுக்குத் தன் பெயரில் ஒன்று வேண்டும். உறுப்பினராகச் சேரப் போனாள். எழுதத் தெரியாது, கைநாட்டு வைத்தால் வெறும் மைக்கறைதான் விழுந்தது.

“ரேகையே வரலியேங்க,” என்றான் எழுத்தர் ஆகாஷ்.

“அப்போ என் குறியப் போடறேன்.” போட்டாள்: X.

“தப்புன்னாதாம்மா இதப் போடுவாங்க. கணக்குல, தெரியாததுக்குப் போடுவாங்க.”

“ரயிலு கடைசிப் பெட்டியிலயும் போட்டுகினுதான் இருக்காங்க,” என்று பின்னால் நின்ற சங்க உறுப்பினர் தனக்கோடி சிரித்தாள்.

“கடைசிப் பெட்டி வந்தாதாண்டி ரயிலு முழுசா வந்துச்சுன்னு அர்த்தம். கம்முனு நில்லு,” என்றாள் கன்னியம்மா.

பழைய பத்திரங்களில் இதே கோடுகளுக்குப் பக்கத்தில் ‘இது இன்னார் குறி’ என்று எழுதியிருப்பார்கள். தவறு, தெரியாதது, நான்: மூன்றுக்கும் ஒரே வடிவம் போதுமென்று மனிதர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்களோ.

“யார் வேணாலும் X போடலாமே. உங்களுதுன்னு எப்படிம்மா நம்பறது?” என்றான் ஆகாஷ்.

சங்கத் தலைவர் சடையப்பன் எழுந்து வந்து தாளை வாங்கினார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கோடு மட்டும் இடைவெளி விட்டுத் தொடர்ந்திருந்தது, இன்னோர் இழைக்கு அடியில் நுழைந்து வெளியே வரும் இழையைப் போல. இணைத்து முடித்த பாவோடு கன்னியம்மா கட்டிவிடும் அட்டையில் எப்போதும் இருப்பது அதுதான்.

“இது நம்ம வீட்டுத் தறிக்கு வர்ற குறிதான்பா. இத்தப் பாத்துட்டா நான் பாவைத் தொட்டுக்கூடப் பாக்கறதில்ல. பக்கத்துல பேர எழுது. நானும் தனக்கோடியும் சாட்சி.”

தனக்கோடி கையெழுத்திட்டாள். கன்னியம்மா அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

தை மாதம் தறி வந்தது. முதல் புடவையை அறுத்தெடுத்த அன்று, அதைத் தானே தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாகச் சங்கத்துக்கு நடந்தாள்.

இப்போது அங்கே பதிவேட்டில் தப்பான வரியை ஒற்றைக் கோட்டால்தான் அடிக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர் X போடப் போனபோது ஆகாஷ் பதறித் தடுத்தான்.

“ஐயோ, அது கன்னியம்மா கையெழுத்துங்க!”