வெள்ளிக்கிழமையும் புழுத்தீனியும்

"நாய்க்குப் புழுவப் போடுன்னுதான் யூனிவர்சிட்டியில சொல்லிக் குடுத்தாங்களா?" என்று அப்பா கேட்டார். நான் வாங்கி வந்த பொட்டலம் அவர் கையில் இருந்தது. அதன் மேல் ஓர் ஈயின் படம், பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு நாய்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கியதும் நான்தான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

நாய் எங்கள் செம்பவாங் வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. காப்பகத்திலிருந்து எடுத்து வந்த பழுப்பு நிறப் பெட்டை. வந்ததிலிருந்தே ஓயாமல் சொறிந்தது. பாதங்களை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. வயிற்றில் முடி உதிர்ந்து தோல் சிவந்து கிடந்தது. கப்பல் பட்டறை வேலை முடிந்து வந்து படுக்கும் அப்பாவுக்கு, அது தரையில் காலை உதைத்துச் சொறியும் சத்தத்தில் தூக்கம் போனது.

"தீபாவளிக்குள்ள சரியாகணும். இல்லன்னா கொண்டுபோய் விட்டுடு. அதுவும் கஷ்டப்படுது, நாமளும் கஷ்டப்படுறோம்" என்று சொல்லிவிட்டார்.

கிளமெண்டியில் ஒரு விலங்கு மருத்துவரிடம் காட்டினேன். உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். கோழி, மாடு, பால் என்று அது தின்று பழகிய ஏதோ ஒரு புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இதுவரை தின்றிராத ஒன்றைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். எல்லா நாய்க்கும் பலிக்காது என்றும் எச்சரித்துவிட்டு, இந்தப் புழுத்தீனியை எடுத்து வைத்தார். இரண்டு மாதம் இது மட்டும்தான், வேறு ஒரு வாய்கூடக் கூடாது.

திரும்பி வரும்போது ரயிலில் அந்தப் புழுவைப் பற்றியே படித்துக்கொண்டு வந்தேன். ஒரு வகைக் கறுப்பு ஈயின் புழு. மிச்சம் மீதி உணவையும் சோயாச் சக்கையையும் தின்று கொழுக்குமாம். அதைக் காயவைத்து, பொடித்து, உருண்டையாக்குகிறார்கள். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தேன். வறுத்த கடலை வாசனைக்குப் பின்னால் லேசாகக் காய்ந்த இறால். நாய் என்னைப்போல யோசிக்கவில்லை. கிண்ணத்தைத் துடைத்து வைத்தது.

செய்தி தமிழர்கள் கூடும் தேக்கா வரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அப்பாவின் கூட்டாளி ஒருவர், "என்னண்ணே, வீட்ல புழுக்குழம்பாமே! மீன் பிடிக்கப் போறப்ப நமக்கும் கொஞ்சம் குடுங்க லா!" என்றார். அங்கே அப்பாவும் சேர்ந்து சிரித்தார். திரும்பும் ரயிலில் என்னை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் நாய் தேறியது. பாதத்துச் சிவப்பு வெளுத்தது. விசித்திரம் என்னவென்றால், சனிக்கிழமை வந்தால் மறுபடியும் சொறி. செவ்வாய் புதனில் அடங்கிவிடும். அடுத்த சனிக்கிழமை திரும்ப ஆரம்பிக்கும். நாய்க்குக் கிழமை எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் சாம்பிராணி போடாமல் இருந்தார். சொறி நிற்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். மதியம் சமையலறைக்குப் போனால், அம்மா நாயின் கிண்ணத்தில் தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"வெள்ளிக்கிழமையாச்சே பாப்பா. வீட்ல கவுச்சி புழங்கலாமா? புழுவும் உயிர்தானே?"

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா?"

"பின்ன? நம்ம வீட்டுப் புள்ள அது. நாம சைவம்னா அதுவும் சைவம். உப்புகூடப் போடல."

தயிரும் பால்தான் என்று சொன்னதும் அம்மாவின் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. "அப்ப நான்தான் அதச் சொறிய வெச்சேனா?"

"இல்லம்மா. பால் ஆகாதுங்கறத நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க." அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதல்ல. மருத்துவரிடம் சொன்னபோது அவரும் அதைத்தான் சொன்னார்.

அம்மாவும் நானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமைகளில் கிண்ணம் துணி காயப்போடும் பின்பக்கத்துக்குப் போகும். தீனி வைப்பதும் கழுவுவதும் நான். அதன் பிறகுதான் அம்மா விளக்கேற்றுவார்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை அப்பா அறையிலிருந்து வெளியே வந்து நாயை உற்றுப் பார்த்தார். "என்ன, சத்தத்தையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

தீபாவளிக்கு முறுக்குத் தட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்தவர் அப்பாதான். வந்திருந்த டீக்கடைக் கூட்டாளி ஒரு துண்டை நீட்டப் போக, "அதுக்குக் குடுக்காதீங்க. புழு மட்டும்தான் சாப்பிடும்" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். கூட்டாளியும் சிரிக்கவில்லை. "அப்படியா? எங்க கிடைக்குது?" என்று கேட்டார்.

புழு ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிட்டது. கோழி ஆகுமா ஆகாதா என்பது தெரியவில்லை. கொஞ்சம் கொடுத்துக் கவனிக்கலாம், சொறி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்கிறார் மருத்துவர். "நல்லா இருக்கறத ஏன் நோண்டுற?" என்கிறார் அப்பா. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்று காலை உப்பில்லாமல் வேகவைத்த கோழியில் ஒரு துண்டைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமைதான், அம்மாவிடம் கேட்டுக் குறித்த நாள்.