ஒன்றுமில்லாத குகை

திண்டுக்கல் மலைக்கோட்டையின் இருட்டறையில் வௌவால் வாடை அடித்ததும் நின்றுவிட்டேன். சிறுவயதில் எத்தியோப்பியாவில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே வாத்தியார் வேலை. ஒருநாள் போன பழைய குகையிலும் இதே வாடைதான்.

கைக்குழந்தையான தம்பியோடு அம்மா வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பாறை முழுக்க, எந்தக் காலத்திலோ யாரோ தீட்டிய மாடுகள். கன்னிவாடியில் அம்மா பிறந்த வீட்டுத் தொழுவத்துக்குள் நிற்பது போலிருந்தது. அப்பாவும் நானும் நகரவே இல்லை.

வெளியே வந்தபோது ஜீப்காரர் அவசரப்படுத்தினார். "உள்ள என்னப்பு இருக்கு?" என்றாள் அம்மா. பார்க்காமல் போனோமே என அவள் ஏங்கிப்போவாளே என்று, "ஒண்ணுமில்லம்மா, வெறும் இருட்டு" என்றேன்.

இன்று நான் இறங்கி வந்ததும், முழங்கால் வலியால் கோட்டை அடிவாரத்திலேயே காத்திருந்தவள், "மேல என்ன இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"அன்னைக்கும் இதத்தான் சொன்ன. ஒண்ணுமில்லாத எடத்துல அப்பனும் மகனும் அம்புட்டு நேரம் என்ன பண்ணீங்க?"