மேக்கணக்கும் மேற்கணக்கும்

இரண்டு ஓரத்திலும் துளையிட்ட அந்த நீளத்தாள் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. பின்பக்கம் மைதாப் பசை காய்ந்திருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவின் ஆடல்பாடல் வரிசை அது. அண்ணி கம்ப்யூட்டரில் போட்டது.

தோட்டத்தின் பிரிவை நாங்கள் கணக்கு என்போம். எங்களுடையது மேக்கணக்கு. அண்ணி கீழ்க்கணக்கில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். புதுக்கணக்கு என்று மூன்றாவதும் உண்டு. முந்தைய வருடம் மேக்கணக்கு ஆட்டங்களே தொடர்ந்து மேடையேற, கீழ்க்கணக்குக்காரர்கள் எழுந்துவிட்டார்கள், நாற்காலிகள் பறந்தன. அன்றிலிருந்து அண்ணியின் அப்பா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இன்னொரு சண்டை வந்தால் இனித் திருவிழாவே தனித்தனி என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது.

அண்ணி அப்போது இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். “வரிசைய நான் போடுறேங்க. ஒரே கணக்கு அடுத்தடுத்து வராது” என்று கமிட்டியிடம் தானாகவே கேட்டு வாங்கினார். சிங்களத்தில் படித்ததை வைத்து நிரல் எழுதிவிட்டு எனக்குத் தமிழில் விளக்கினார். எந்தக் கணக்கில் அதிக ஆட்டங்கள் மிச்சமோ, அதிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். சற்றுமுன் எடுத்ததும் அதே கணக்கென்றால், அதை விட்டு அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

தாளைக் கோயில் சுவரில் ஒட்டிவிட்டுப் பார்த்தால், மேக்கணக்கு ஆட்டங்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. “புருசன் வீட்டுக்குத்தானே கணக்குப் போடுவா” என்றார் கீழ்க்கணக்கு ஆள் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணியோ ஆட்டக்காரர்கள் பெயரும் கணக்கும் எழுதிக்கொடுத்த துண்டுகளைப் புரட்டினார். ஒன்றில் பேசுகிற மாதிரி மேக்கணக்கு. இன்னொன்றில் இலக்கணமாய் மேற்கணக்கு. இருந்தபடியே தட்டியிருக்கிறார்.

“கம்ப்யூட்டருக்கு இது ரெண்டும் வேற வேறங்க. நாந்தான் கவனிச்சிருக்கணும்.”

“பேனாவால மாத்திவிடும்மா” என்றார் கமிட்டித் தலைவர்.

“வேணாங்க. கையால மாத்துனா, எங் கை பட்டுருச்சும்பாங்க.”

மறுநாள் முதல் பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போய், எழுத்தைத் திருத்தி, மறுபடி ஓட்டி, புதுத் தாளோடு வந்தார்.

திருவிழாவில் ஒருவரும் எழுந்து போகவில்லை. தன் கணக்கின் அடுத்த ஆட்டம் வரும்வரை மற்றக் கணக்கின் ஆட்டத்தைப் பார்த்தே ஆகவேண்டும். “எம் மக போட்ட வரிசை” என்று அண்ணியின் அப்பா பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க வீட்டு மருமக” என்றார் என் அப்பா, அவர் காதில் விழும்படி.

இன்று கொழும்பில் நானும் நிரல் எழுதித்தான் பிழைக்கிறேன். எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் பெயர்களின் எழுத்தைத்தான் பார்ப்பேன். யாரிடம் படித்தாய் என்று கேட்டால், எங்க அண்ணியிடம் என்று நிமிர்ந்து சொல்வேன். அந்தத் தாளை அண்ணி எடுத்து வைக்கவில்லை. திருவிழா முடிந்த மறுநாள், அதைக் கிழியாமல் சுவரிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டு எங்கள் வாசலேறி வந்தவர், அவருடைய அப்பா.