கரி பற்றவைக்க ஒரு கேஸ் டார்ச்

தம்பி, தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணை இன்று முதல்முறையாக வீட்டுக்கு அழைத்து வந்தான். கிரில் சிக்கன் செய்வதாக வாக்கும் கொடுத்திருந்தான்.

எங்கள் மலையூர் அரவேணுவில் காலையிலிருந்து மூடுபனி. கரி நமத்துக் கிடந்தது. போன தடவை கரி பிடிக்க ஊற்றிய மண்ணெண்ணெய் கோழியிலும் மணந்தது. அதனால் கோத்தகிரிக்குப் போய் ஒரு கடையில், சுடரைப் பீய்ச்சும் கேஸ் டார்ச் கேட்டேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "நீளக் கழுத்து இருக்கறதையே எடுங்க. கை சுடாதுங்க."

பற்றவைத்துக் காட்டச் சொன்னேன். சுடர் அகல்விளக்கு அளவுக்குத்தான் வந்தது.

"குளிருக்கு கேஸ் சரியா வராதுங்க" என்று கையடக்க சிலிண்டரைக் கழற்றி ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார். சற்று நேரம் கழித்து மாட்டியதும் நீலமாகச் சீறியது. வாங்கிவிட்டேன்.

மாலையில் தம்பி டார்ச்சை எட்டப் பிடித்து, முகத்தையும் திருப்பிக்கொண்டான். கரியைத் தவிர எல்லாவற்றிலும் நெருப்புப் பட்டது.

"இங்க குடுங்க" என்று அந்தப் பெண் வாங்கினாள். கரியைக் குவித்து ஒரே இடத்தில் காட்டினாள். சிவந்துவிட்டது.

"பயமா இருந்தா சொல்றதுக்கென்னங்க?"

"கொஞ்சம் பயம்தான்" என்றான்.

இத்தனை வருஷத்தில் எங்கள் யாரிடமும் அவன் ஒப்புக்கொள்ளாத விஷயம் அது. அம்மா என்னைப் பார்த்தார். நான் கோழிக்கு மசாலா தடவப் போய்விட்டேன்.

கல்யாணத் தேதி கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கோழியே இன்னும் வேகவில்லை.