உத்தர வீதியில் ஒரு சுற்று

1968, ஆவணி. காலை ஆறே காலுக்கு முசிறியிலிருந்து பஸ் புறப்பட்டது. திருச்சிக்கு இருபத்தைந்து மைல். வலப்பக்கம் காவிரி கூடவே வந்தது. நாங்கள் மூன்று பேர்: என் தங்கை தனபாக்கியம், அவள் கணவர் ரெங்கசாமி, நான். திருச்சியில் தென்னூர் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, ராத்திரி ரயிலில் ரெங்கசாமியை மெட்ராஸ் கொண்டுபோக வேண்டும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. அங்கே வயிற்றில் குழாய் செருகி, மருந்து நீரை விட்டு எடுத்து, உடம்பில் தேங்கிய நஞ்சைக் கழுவுவார்கள். முதல் கழுவல் இருபது நாள் தாங்கியது; இரண்டாவது ஒன்பது. இது மூன்றாவது.

"தூங்கினீங்களா மாப்ள?"

"ராத்திரி பூரா தூங்கினேன் மச்சான். எந்திரிக்கும்போதே அலுப்பு. ஏர் ஓட்டின அலுப்புன்னா அது நான் சம்பாதிச்சது. இது எவனோ உழுதுட்டுப் போன வயலுக்கு நான் களைச்சுக் கெடக்கிறேன்."

எட்டு மணிக்குத் திருவானைக்காவலில் இறங்கினோம். தங்கையின் பிடிவாதம். முதல் கழுவலின்போது அவள் நேர்ந்துகொண்டிருந்தாள்: புருஷன் பிழைத்து வந்தால், தம் காலாலேயே ஸ்ரீரங்கத்து உத்தர வீதி நான்கையும் ஒரு சுற்று வருவார் என்று. பிழைத்து வந்தவரால் வாசல் தாண்ட முடியவில்லை. நேர்த்திக்கடன் நின்றுபோனதால்தான் இரண்டாவது கழுவல் பலிக்கவில்லை என்று நம்பினாள். அவரிடம் எது இல்லையோ அதையே பெருமாளுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

"அவருக்குப் பதிலா நான் சுத்திட்டு வரேன் பாக்கியம்."

"உன் காலை நான் நேர்ந்துக்கலையே அண்ணே."

கூடவே வந்து திரும்பக் கொண்டுவிட, குதிரை வண்டிக்காரர் ஒன்றே கால் ரூபாய் கேட்டு ஒரு ரூபாய்க்கு வந்தார். எட்டே முக்காலுக்குத் தெற்கு உத்தர வீதியில் நடை தொடங்கியது. நல்ல கால் என்றால் அரை மணி நேரம். மேற்கு வீதி முனையிலேயே ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பள்ளம் வெட்டியிருந்தது.

இளநீர் விற்ற அம்மாள் அரிவாளை எடுத்தாள். "ஒண்ணு வெட்டவா சாமி? குடிச்சா இந்த வண்டிக் குதிரையாட்டம் ஓடுவீங்க."

"வேண்டாம்மா, அது அவருக்கு விஷமாம்," என்றாள் தங்கை.

"இளநியா விஷம்? எந்த டாக்டரு சொன்னான்?"

"வாழப்பழமும் கூடாதாம்."

"அடப்பாவமே! அப்புறம் மனுசன் எதைத்தான் திங்கிறது?"

ரெங்கசாமி சிரித்தார். "எனக்கு நாலு ஏக்கர் வாழைம்மா." அந்தச் சிரிப்புக்கே மூச்சு வாங்கியது.

வடக்கு வீதி. வெயில் அவர்மேல் விழவில்லை, ஏறி உட்கார்ந்தது. பத்து அடி, ஒரு சுவர். பத்து அடி, ஒரு சுவர். பசியில்லை, வலியில்லை, ஒரு மனிதன் தனக்குள்ளேயே மெல்ல மெல்ல வற்றுவதைப் பக்கத்தில் நடந்துகொண்டே பார்த்தேன். ஊர் ஊராக அலைந்தவன் நான். தூரம் என்பது மண்ணில் கிடப்பது என்று நினைத்திருந்தேன். அது உடம்புக்குள் கிடக்கிறது.

கிழக்கு வீதியில் வெள்ளைக் கோபுரத்தின் நிழலில் சொன்னேன்: "போதும் மாப்ள. ராத்திரி ரயில் இருக்கு."

"பேச வைக்காதீங்க மச்சான். பேச்சுக்கும் தெம்பு செலவாவுது."

பன்னிரண்டே காலுக்குச் சுற்று முடிந்தது. தங்கை நடுவீதியில் விழுந்து கும்பிட்டாள். "இனிமே பலிக்கும்ணே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துளசி வாங்க ஓடினாள்.

ரெங்கசாமி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்திருந்தார். கண்ணைத் திறக்கவில்லை.

"மச்சான், மெட்ராஸ் வேண்டாம்."

"என்ன மாப்ள பேச்சு இது?"

"எங்கிட்ட இருந்த தெம்பு ஒண்ணுக்குத்தான் காணும். அந்தக் குழாய்க்குக் குடுக்கிறதா இவளுக்குக் குடுக்கிறதான்னு பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

வாதாடியிருந்தால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒன்றரை மணிக்குத் திருவானைக்காவலில் முசிறி பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தினேன்.

"அண்ணே, இது நம்ம ஊருக்குத் திரும்பிப் போற பஸ்ணே! தென்னூருக்கு எதிர்ப்பக்கம் நிக்கணும்."

ரெங்கசாமி படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மற்றதைத் தூக்க முடியாமல் நின்றார்.

"ஏத்தி விடு பாக்கியம்," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். துளசியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் அவரை அணைத்துத் தூக்கினாள்.