கல்கல் சீப்பு

எங்கள் வீட்டில் ஒரு சீப்பு தலைமுடியையே பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்குக் கல்கல் செய்வதற்கென்றே அம்மா வாங்கி வைத்த சீப்பு அது. பிசைந்த மாவைச் சுண்டைக்காய் அளவு கிள்ளி, அதன் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்டினால் சோழி மாதிரி வரி விழும். அதை எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவார். யாராவது அதில் தலை வாரினால் அம்மா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

ஆவடியில், ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். கோவில்பதாகையிலிருந்து ஒரு அக்கா வந்து பால் ஊற்றுவார். வருஷாவருஷம் முதல் தூக்குக் கல்கல் அவருக்குத்தான். பொங்கலுக்கு அவர் கரும்பும் மொச்சையும் கொண்டுவந்து போடுவார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நவம்பர் மாதம் சித்தப்பா இறந்துபோனார். எங்களோடே தங்கி வேலைக்குப் போய்வந்தவர். வாசலில் நட்சத்திரம் கட்டுவது அவர் பொறுப்பு. துக்க வீட்டில் ஒரு வருஷம் பலகாரம் சுடக் கூடாது. நட்சத்திரமும் இல்லை, புதுத்துணியும் இல்லை. பன்னிரண்டு வயதில் எனக்குச் சித்தப்பா போன அழுகை பாதி, கல்கல் இல்லாத அழுகை பாதி. எது அதிகம் என்று சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, அம்மா கடைக்குப் போயிருந்தபோது, பால்கார அக்கா வந்தார்.

"பாப்பா, அம்மா கல்கல் தேய்ப்பாங்கல்ல, அந்தச் சீப்பு ஊட்ல கீதுல்ல? நாளைக்கே குட்த்துடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே சட்டியைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், இவருக்குக் கல்கல் கேட்கிறதா? தொலைந்துபோய்விட்டது என்றேன். சீப்பு எனக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. அக்கா சரியென்று போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் கோயில் முடிந்து வந்தால், வாசலில் பால்கார அக்கா தூக்கோடு நிற்கிறார்.

"துக்க ஊட்ல எண்ணெச் சட்டி வெக்கக் கூடாதுல்லக்கா, அதான் நான் வெச்சேன். புள்ளைங்க நல்ல நாளு அதுவுமா வெறும் வாயோட இருக்கலாமா? சீப்பு தொலைஞ்சிச்சின்னு பாப்பா சொல்லிச்சு. மொறத்துல தேச்சிகினேன்."

தூக்கு நிறையக் கல்கல். சோழி வரிக்குப் பதில் முறத்தின் பின்னல் தடம். சில வெடித்திருந்தன, பாகு கொஞ்சம் தூக்கல். அம்மா அலமாரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதல் கல்கலை எடுத்து என் வாயில் வைத்தார். வெட்கத்தில் மெல்ல முடியவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் தின்ற எந்தக் கல்கலும் அதற்கு ஈடாகவில்லை.

மறுவருஷம் சட்டி மறுபடி அடுப்பேறியது. அம்மா மாவு பிசைந்து வைத்தார். சீப்பு அலமாரியிலேயே இருந்தது.

"கோவில்பதாகைக்குப் போய், அக்காகிட்ட முறம் கேட்டு வாங்கிட்டு வா" என்றார்.